பட்டதாரியும் பொறியாளரும்



மொழிக்கென அமைந்த மேடையில் வேலையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கருதலாம். நாம் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறோம். பொறி என்பதற்கு இயந்திரம் என்றும், தீயின் துகள் என்றும், புலன் என்றும், எலியைப் பிடிக்கும் கருவி என்றும் நம் மொழியில் பொருளுண்டு. பொறியியல் பட்டம் பெற்று வேலை தேடும் இளையோருள் சிலர், கடைசியிற் சொன்ன பொருளே தமக்குப் பொருந்தும் என்கின்றனர். அவர்கள் அதை நகைச்சுவைக்காகச் சொல்வதில்லை.

பட்டமளிப்பு விழா முடிந்த அன்றே வீட்டில் 'எங்கள் பிள்ளை பொறியாளர்' என்று சொல்லத் தொடங்கிவிடுகிறோம். மலேசியச் சட்டம் அவ்வளவு விரைந்து சொல்வதில்லை. 1967ஆம் ஆண்டின் பொறியாளர் பதிவுச் சட்டத்தின் வழி, பட்டம் பெற்றவர் முதலில் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொள்கிறார். குறைந்தது 3 ஆண்டு நடைமுறை அனுபவம் பெற்று, அதற்குரிய மதிப்பீட்டுத் தேர்விலும் தேறிய பின்னரே அவர் தொழில்முறைப் பொறியாளர் ஆகிறார். பெயருக்கு முன் 'இர்.' என்று இட்டுக்கொள்ளும் உரிமையும் அப்போதுதான் வருகிறது. ஆக, பட்டதாரி வேறு, பொறியாளர் வேறு. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள ஆண்டுகளை எப்படிச் செலவிடுவது என்பதே இன்று நாம் பேச விரும்பும் செய்தி.

கட்டுமானப் பொறியியல் படித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்த நிறுவனம் ஒன்று அவரைக் களத்திற்கு அழைக்கிறது. ஆலோசனை நிறுவனம் ஒன்று அதைவிடக் குறைந்த சம்பளத்தில் வடிவமைப்புப் பணி தருகிறது. களத்தில் காலை 7 மணிக்கே கற்காரை வண்டி வந்து நிற்கும். கலவையின் தளர்வைச் சோதிக்க வேண்டும். கனசதுர மாதிரிகளை வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் அவற்றின் வலிமையைப் பார்க்க வேண்டும். மழை வந்தால் அன்றைய திட்டமே மாறிவிடும். அலுவலகத்திலோ ஓர் உத்திரத்தின் கணக்கை நான்கு முறை திருத்துவதிலேயே வாரம் கழியும். எது சிறந்தது என்று நம்மைக் கேட்டால், முதலில் வடிவமைப்புக்குப் போகச் சொல்வோம். சம்பளத்தைப் பின்னர் ஈடுகட்டிவிடலாம். கணக்கு கைவிட்டுப் போனால் முப்பது வயதில் அதை மீட்பது கடினம். ஆயினும் களத்தையே காணாத வடிவமைப்பாளரும் அரைப் பொறியாளரே. மதிப்பீட்டுத் தேர்வில் அமரும்போது இரண்டு அனுபவமும் கைகொடுக்கும்.

மின்னணுவியல் படித்தோருக்கு நிலைமை வேறு. 1970களிலிருந்தே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் அவர்களை ஈர்த்து வருகின்றன. அங்கே 'இர்.' இல்லாமலே உயர்ந்தவர் பலர். மென்பொருளுக்கும் அந்த முன்னொட்டு தேவைப்படுவதில்லை. அவ்வழியில் செல்வோர் பதிவைப் பற்றிக் கவலையுற வேண்டியதில்லை.

துறையை விட்டே விலகுவோரும் உள்ளனர். பள்ளியில் இயற்பியல் கற்பிக்க விரும்பி, கல்வியியல் பட்டயம் பெற்று ஆசிரியரான பொறியியல் பட்டதாரிகள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். 'இதற்காகவா நான்காண்டு படித்தாய்?' என்ற கேள்வியை அவர்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்களோ! கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பத்தில், அதுவும் தோட்டப்புறத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்ற பிள்ளையிடம், அக்கேள்வி எழுவது இயல்பே. பெற்றோரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் விரும்பாத வேலையில் பிள்ளை பத்தாண்டு இருப்பதால் அந்தக் கடன் விரைவாக அடைந்துவிடுவதுமில்லை. விலகுவதைவிட, எதையும் தேர்ந்தெடுக்காமல் கிடைத்த வேலையிலேயே தங்கிவிடுவதுதான் நமக்குக் கவலை தருகிறது. பதவியின் பெயரில் 'எஞ்சினியர்' என்று இருக்கும். செய்வதோ விற்பனையாக இருக்கும். விற்பனை இழிவன்று. அதைத் தெரிந்து செய்பவர் நன்றாக வாழ்கிறார். பொறியியல் செய்வதாக எண்ணிக்கொண்டிருப்பவரே பின்னர் திகைக்கிறார்.

நேர்காணலுக்குச் செல்லும் மாணவர்கள் சம்பளத்தைக் கேட்பதோடு, 'என் வேலையை யார் மேற்பார்வையிடுவார்? அவர் பதிவுபெற்ற பொறியாளரா?' என்றும் கேட்கட்டும். நிறுவனத்தார் அதைத் தவறாக எண்ண மாட்டார்கள். ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்து வரும் மாணவரிடம், அங்குள்ள பட்டக்கல்வி பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஏற்பைப் பெற்றதா என்று பார்த்து வரச் சொல்லுங்கள். மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினரானது. ஏற்புப் பெற்ற பட்டம் அதன் பிற உறுப்பு நாடுகளிலும் மதிக்கப்படுகிறது. இந்த ஒன்றைப் பட்டம் பெற்ற பிறகு திருத்திக்கொள்ள இயலாது.

எஞ்சிய நேரத்தை உங்கள் கேள்விகளுக்கு விடுகிறோம்.