வண்டியின் அடியில் வீசும் காற்று

நாசிக், ஜுன்னர் வட்டாரங்களில் விளையும் காய்கறி, கல்யாண் மொத்தச் சந்தைக்குப் பெரும்பாலும் இரவிலேயே வந்து சேர்கிறது. கசாரா மலைப்பாதை வழியாகவும் மால்சேஜ் மலைப்பாதை வழியாகவும் இறங்கிவரும் வண்டிகளில் சிறிய பிக்-அப் வண்டிகளே மிகுதி. இவற்றுள் பல, ஒரே வண்டியை உடைமையாகக் கொண்ட எளிய குடும்பங்களுக்குச் சொந்தமானவை. மாதத் தவணை, காப்புறுதி, சுங்கம் ஆகியவற்றை உரிமையாளர் குறைக்க முடியாது. அவர் கைக்கு எட்டும் செலவு டீசல் ஒன்றே. நாட்டிற்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருவதால், இக்குடும்பங்களின் சிக்கனம் நாட்டின் சிக்கனமும் ஆகும்.

அண்மையில் இவ்வட்டாரத்தின் சாலைகளில் ஒரு மாறுதல் நேர்ந்துள்ளது. மும்பை - நாக்பூர் சம்ருத்தி விரைவுச்சாலையின் இறுதிப் பகுதியான இகத்புரி - ஆமணே இடையிலான 76 கிலோமீட்டர், 2025 ஜூன் 5 அன்று திறக்கப்பட்டது. 701 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை, கல்யாணுக்கு அருகே, பிவண்டி வட்டத்தில் முடிகிறது. ஷில்பாட்டா நெரிசலில் ஊர்ந்த அதே வண்டி, இன்று மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இடையறாது ஓடக்கூடும். எனவே, இதுவரை கணக்கில் வராத ஒரு சுமை இப்போது கணக்கில் வருகிறது. அதுவே காற்றுத் தடை.

கண்ணுக்குத் தெரியாத சுமை

சுமையுடன் 3 டன் எடையுள்ள ஒரு பிக்-அப் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சமதளச் சாலையில் அதன் டயர்கள் உருளுவதற்கு ஏறத்தாழ 36 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. வேகம் கூடினாலும் இது பெரிதும் மாறுவதில்லை. காற்றின் இயல்பு வேறு. வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று 10 அல்லது 11 கிலோ விசையுடன் வண்டியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அவ்விசை 42 கிலோவாக உயர்கிறது. அதாவது, நகரத்துக்குள் டயரே பெரிய சுமை. விரைவுச்சாலையில் காற்றே பெரிய சுமை. இதை வெல்ல எஞ்சின் செலவிடும் ஆற்றல், 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரைக் குதிரைசக்தி. 80 கிலோமீட்டர் வேகத்தில் 12 குதிரைசக்தி.

வண்டியின் முகப்பையும் மேற்கூரையையும் நோக்குவோர், அதன் அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. பம்பருக்குக் கீழே நுழையும் காற்று, எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி, கியர்பெட்டி, சட்டத்தின் குறுக்குக் கட்டைகள், டீசல் டேங்க், பின் ஆக்சில், பட்டை ஸ்பிரிங்குகள், ஸ்டெப்னி டயர் என ஒவ்வொன்றிலும் மோதிச் சுழல்கிறது. இச்சுழல்களை உண்டாக்கும் ஆற்றலும் டீசலிலிருந்தே வருகிறது. அடிப்பாகம் தட்டையாக இருந்தால் காற்று வழுக்கிச் செல்லும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1973-இல் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய காலத்தில், அமெரிக்காவின் நாசா நிறுவனம் கலிபோர்னியாவிலுள்ள தன் ஆய்வு மையத்தில் ஒரு பெட்டி வடிவ வேனைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. சைக்கிளில் வேலைக்குச் சென்ற எட்வின் சால்ட்ஸ்மன் என்னும் பொறியாளர், கடந்து செல்லும் லாரிகளின் காற்று தம்மை முதலில் தள்ளுவதையும் பின்னர் இழுப்பதையும் உணர்ந்ததே இவ்வாராய்ச்சிக்கு வித்தாயிற்று. வேனின் முனைகளை வளைவாக்கியதும் காற்றுத் தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அடுத்த கட்டச் சோதனைகளில் வேனின் அடிப்பாகமும் மூடப்பட்டது. இந்தியாவிலும் எரிபொருள் சிக்கனத்தைப் பரப்புவதற்கென 1978-இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது.

செய்யக்கூடியவை

அடிப்பாகத்தைச் சீர்செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முன் பம்பரின் கீழே ரப்பர் பட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, அடியில் நுழையும் காற்றைக் குறைத்தல். வேகத்தடையில் உரசினாலும் ரப்பர் வளைந்து கொடுக்கும். ஆனால் பட்டை மிக ஆழமாக இறங்கினால் அதுவே புதிய தடையாகிவிடும். மற்றொன்று, சட்டத்தின் கீழே இலேசான தகடுகளைப் பொருத்தித் தட்டையாக்குதல்.

இரண்டாவதில் எச்சரிக்கை வேண்டும். எஞ்சினையும் கியர்பெட்டியையும் குளிர்விக்கும் காற்று அடிவழியாகவே வெளியேறுகிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பாரத் நிலை-6 விதிகளுக்கேற்ப அமைந்த டீசல் வண்டிகளில், புகையின் கரியை வடிகட்டும் பகுதி அவ்வப்போது மிகுந்த வெப்பமடைகிறது. அதனருகே தகட்டை அடைத்தால் தீ விபத்துக்கு இடமுண்டு. மழைக்காலச் சேறு தகட்டின் மேல் தங்கித் துருவை வளர்க்கும்; எண்ணெய்க் கசிவு கண்ணுக்குத் தெரியாமல் போகும். மேலும், பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

இவ்வளவு முயற்சிக்கும் கிடைக்கும் பயன் யாது? அடிப்பாகச் சீரமைப்பால் காற்றுத் தடை நூற்றுக்கு ஐந்து குறைகிறது என்று கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் மிச்சமாவது 2 கிலோ விசை. டீசலில் அது நூற்றுக்கு இரண்டு அளவே. ஆண்டுக்கு 36,000 கிலோமீட்டர் ஓடி 3,000 லிட்டர் செலவிடும் வண்டி, பாதித் தூரத்தையே வேகமாகக் கடக்குமானால், மிச்சம் 30 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் 2,700 ரூபாய். பட்டறையில் தகடு பொருத்தப் பத்தாயிரம் ரூபாய் கேட்டால், முதல் திரும்ப ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும்.

எது முதலில்?

அதே வண்டி 80-க்குப் பதிலாக 65 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், காற்றுத் தடை 42 கிலோவிலிருந்து 28 கிலோவாகக் குறைகிறது. தகடு தரும் பயனைப்போல் ஏழு மடங்கை ஓட்டுநரின் கால் செலவின்றித் தருகிறது! கல்யாணிலிருந்து இகத்புரி வரையுள்ள தூரத்தில் இதனால் கூடும் நேரம் கால்மணிக்குச் சற்றே அதிகம். கூண்டுக்கு மேல் ஒரு முழத்துக்கும் குறைவாக, 30 சென்டிமீட்டர் உயரம் கூடுதலாகச் சரக்கு ஏற்றினால், காற்றுத் தடை ஆறில் ஒரு பங்கு உயர்கிறது. படபடக்கும் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதும், டயரில் உரிய அளவு காற்று நிரப்புவதும் செலவில்லாத சிக்கனங்கள். பின்கதவைத் திறந்து வைத்தால் டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையைச் சோதனைகள் ஆதரிக்கவில்லை.

எந்த மாற்றத்தையும் அளந்தறிவது நலம். ஒரே பம்பில் டேங்கை நிரப்பி, ஒரே வழியில், ஒத்த சுமையுடன் ஐந்தாறு நடை சென்று, மீண்டும் நிரப்பிக் கணக்கிட்டால் உண்மை விளங்கும். ஒரு நடையின் கணக்கு போதாது. எதிர்க்காற்று ஒன்றே முடிவை மாற்றிவிடும்.

அடிப்பாகத்தை மூடும் பணி, உண்மையில் தொழிற்சாலையில் நிறைவேற வேண்டிய பணியாகும். வெப்பம் வெளியேறும் வழியையும், பழுதுபார்க்கும் வசதியையும் வரைபடத்திலேயே வகுத்துவிட்டால், அதே தகடு குறைந்த செலவில், ஆபத்தின்றி அமையும். ஒரு வண்டிக்கு 30 லிட்டர் சிறிது. ஒரு இலட்சம் வண்டிகளுக்கு அது 30 இலட்சம் லிட்டர். தயாரிப்பாளர் செய்ய வேண்டியதை ஒற்றை வண்டி உரிமையாளரின் தலையில் சுமத்துவது முறையாகாது. அவர் செய்யக்கூடியவை வேகத்தை மட்டுப்படுத்துவதும், சரக்கின் உயரத்தைக் குறைப்பதும், டயரைக் கவனிப்பதுமே. அவற்றைச் செய்யும் நாளிலிருந்தே பயன் அவர் வீடு வந்து சேரும்.