எட்டு மணிப் பூவும் பொட்டலப் புழுவும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

பிள்ளைகளின் கண்ணெல்லாம் பரிசு மேசை மேலேயே இருக்கிறது. ஆகையால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

சென்ற மாதம் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம், "ஒரு வண்ணத்துப்பூச்சியும் அது உட்காரும் பூவும் வரைந்து வாருங்கள்" என்று சொன்னேன். இருபத்திரண்டு படங்கள் வந்தன. அநேகமாக எல்லாம் ஒரே மாதிரி! நீல நிறப் பூச்சி, வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட பூ. கடையில் விற்கிற வர்ணம் தீட்டும் புத்தகத்தில் இருக்கும் ஐரோப்பாக் கண்டத்துப் பூ அது. கிள்ளானில் பிறந்த பிள்ளைகள் அந்தப் பூவைக் கண்ணால் கண்டதில்லை. ஒரே ஒரு பையன் மட்டும் செம்பனை மட்டையில் ஒரு காய்ந்த சருகுப் பை தொங்குவது போல வரைந்திருந்தான். "இது என்னப்பா?" என்றேன். "சார், இதுவும் பூச்சிதான். எங்கப்பா சொன்னாரு" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு பேரில் கண்ணால் பார்த்ததை வரைந்தவன் அவன் ஒருவன்தான்.

அவன் வரைந்ததை மலாய்க்காரர்கள் 'உலாட் புங்குஸ்' என்பார்கள். பொட்டலப் புழு என்று நாம் சொல்லிக் கொள்வோம். இலைத் துண்டுகளைத் தன் வாய் நூலால் ஒட்டிப் பை தைத்து, அதற்குள்ளேயே குடியிருக்கும். தலையை மட்டும் வெளியே நீட்டி இலையைத் தின்னும். ஆண் புழு வளர்ந்து சின்னஞ்சிறு கறுப்பு அந்துப்பூச்சியாகிப் பறந்து போகும். பெண்ணுக்கோ சிறகே கிடையாது. தான் தைத்த பைக்குள்ளேயே இருந்து, அதற்குள்ளேயே முட்டையிட்டு, அங்கேயே செத்துப் போகும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் நூலில் தொங்கிக்கொண்டு காற்றடித்த பக்கம் அடுத்த மரத்துக்குப் போகும்.

இது விளையாட்டுக் காரியம் அல்ல. பாதி இலை போன செம்பனையில் அடுத்த 2 ஆண்டுகளுக்கு விளைச்சல் சுமார் 40 விழுக்காடு குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குலை குறைந்தால் யார் வீட்டு அடுப்பில் தெரியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2013-இல் அரசாங்கம் இதனை ஆபத்தான பூச்சியாகவே அறிவித்தது.

ஆனால் நம் நாட்டில் வணிக நோக்கில் செம்பனை நட்டது 1917-இல். கோலசிலாங்கூர் பக்கம், தென்னமரம் என்ற தோட்டத்தில். (செம்பனைக்குத் தொட்டில் கட்டிய தோட்டத்தின் பெயர் தென்னமரம்! தமிழ் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.) அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் இந்தப் புழு பெரிய தொல்லை கொடுக்கவில்லை. பிறகு ஏன் வந்தது?

1960-களில் பிரையன் வுட் என்ற பூச்சியியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். 1968-இல் கோலாலம்பூரில் அவருடைய நூலும் வெளிவந்தது. அவர் கண்டது இதுதான்: டி.டி.டி., டீல்டிரின், என்டிரின் போன்ற கடுமையான மருந்துகளைத் தோட்டங்களில் அடித்தார்கள். பைக்குள் பத்திரமாக இருந்த புழுக்களில் பல தப்பித்தன. வெளியே பறந்து திரிந்த சின்னக் குளவிகள் செத்தன. அந்தக் குளவிதான் புழுவின் எமன். எறும்பை விடச் சிறியது. புழுவின் உடம்பிலேயே முட்டையிடும். குளவிக் குஞ்சு புழுவைத் தின்று வளரும். காவற்காரனைக் கொன்று விட்டுத் திருடனை விட்டு வைத்த கதையாகிவிட்டது. புழு பெருகப் பெருக மேலும் மருந்து. மருந்து கூடக் கூட மேலும் புழு.

இப்போது பூவின் கதைக்கு வருகிறேன். அந்தக் குளவி வளர்ந்த பிறகு புழுவைத் தின்பதில்லை. தேன்தான் அதற்குச் சாப்பாடு. தேன் கிடைக்காவிட்டால் சில நாட்களிலேயே செத்துவிடும். செம்பனைக் காட்டுக்குள் தேனுக்கு எங்கே போகும்? பாதையோரக் காட்டுப் பூக்களுக்குத்தான். அந்தப் பூக்களைத்தான் நாம் 'புல்லு' என்று சொல்லி மருந்து அடித்தோம்.

'நாம்' என்று சொல்கிறேனே, என் தாயாரைத்தான் சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் அவர் 11 ஆண்டுகள் மருந்து டின் சுமந்தார். அது எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். பெரட்டு முடிந்து வெளிச்சம் வருவதற்குள் புறப்பட்டுவிடுவார். கையுறை கொடுத்த ஞாபகம் எனக்கு இல்லை. முகத்தில் பழைய துணியைக் கட்டிக்கொள்வார். விரல் நகங்கள் நிறம் மாறிக் கழன்று விழுந்தன. அடிக்கடி மூக்கில் இரத்தம் வரும். "சூட்டு உடம்புடா தம்பி" என்று சொல்லி நன்னாரித் தண்ணீர் குடிப்பார். பராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லியை நம் நாடு முழுமையாகத் தடை செய்தது 2020 ஜனவரி முதல் நாள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்க அடிச்சது விசம்தானா?" என்று மட்டும் கேட்டார். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய எனக்கு அதற்குப் பதில் சொல்ல வரவில்லை.

இன்று பல தோட்டங்களில் பாதையோரமாகப் பூச்செடிகளை வேண்டுமென்றே நடுகிறார்கள். பார்த்திருப்பீர்கள். மஞ்சளாகப் பூக்கும் ஒரு வகைக் கொன்றைச் செடி. இளஞ்சிவப்புக் கொத்தாகத் தொங்குமே, மலாயில் 'மணப்பெண்ணின் கண்ணீர்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தக் கொடி. பிறகு 'புங்கா புக்குல் லாப்பான்', அதாவது எட்டு மணிப் பூ. வெள்ளை இதழ், நடுவில் கருமை. காலை எட்டு மணி வாக்கில் விரியும், நண்பகல் வாக்கில் சுருங்கிப்போகும். அழகுக்காக வைக்கிறார்கள் என்று நான்கூட வெகுநாள் நினைத்திருந்தேன். குளவிக்குச் சாப்பாட்டுக் கடை அது.

வர்ணப் புத்தகத்து நீலப் பூச்சியையும் விட்டுவிட மாட்டேன். இங்கிலாந்தில் 'பெரிய நீலம்' என்று ஒரு வண்ணத்துப்பூச்சி இருந்தது. அதன் புழு முதலில் 'தைம்' என்ற வாசனைச் செடியின் பூவைத் தின்னும். பிறகு ஒரு வகைச் சிவப்பெறும்பு அதைத் தன் புற்றுக்குத் தூக்கிச் சென்று வளர்க்கும். பூச்சி குறைகிறதே என்று சில இடங்களில் வேலி போட்டுப் பாதுகாத்தார்கள். ஆடு மாடு மேயவில்லை, புல் உயர்ந்தது, வெயில் படாமல் அந்த எறும்பு மறைந்தது, எறும்போடு பூச்சியும் போயிற்று. 1979-இல் அந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை. காரணம் புரிந்த பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டு வந்து, புல்லை மேய விட்டு, மறுபடி குடியேற்றினார்கள். வெள்ளைக்காரனுக்கும் பிந்தித்தான் புத்தி வந்தது.

நம் பள்ளிக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில் ஒரு புல்வெளி இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதற்கு மருந்து அடித்து மொட்டையாக்கிவிட வேண்டும் என்று பேச்சு வந்தது. பாம்பு வரும், கொசு வரும் என்று சொன்ன தாய்மார்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளை மேல் உள்ள பாசம். ஆனால் கொசு பூவிலே முட்டையிடாது. பழைய டயரிலும் தகர டின்னிலும் தேங்கும் தண்ணீரில்தான் இடும். அவற்றை நாமே பொறுக்கிவிடலாம். பாம்புக்காக, வகுப்பறைப் பக்கம் இருக்கும் புல்லை இயந்திரத்தால் வெட்டிவிடுவோம். கால்வாய் ஓரத்தில் இரண்டு மீட்டர் அகலத்தை மட்டும் மருந்தடிக்காமல் விடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் மாணவர்களோடு நின்று பார்த்தேன். தொட்டாற்சிணுங்கி, உண்ணிச்செடி, வலைப் பஞ்சுக்குள் மஞ்சள் பழம் காய்க்கும் கொடி. சிறு வயதில் நாமெல்லாம் பறித்துத் தின்றோமே, அந்தக் கொடிதான். அதன் இலையில் முள் முள்ளாக ஒரு புழு இருந்தது. அது ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியாகும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாழ்ந்த இனம். 1990-களில் மலேசியாவுக்கு வந்து சேர்ந்தது. 2006-இல் சிங்கப்பூருக்குப் போனது. 2012-இல் ஆஸ்திரேலியாவையே எட்டிவிட்டது. நம் பாட்டன்மார் கப்பலில் வந்தார்கள்; இது கொடி கண்ட இடமெல்லாம் தங்கித் தங்கி வந்திருக்கிறது. வீட்டுக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழுவையும் தாய்மார்கள் உடனே நசுக்கிவிட வேண்டாம். நாலு இலையைத் தின்னும், உண்மைதான். பிறகு பெரிய வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கும்.

வருகிற சனிக்கிழமை காலை அந்தக் கால்வாய் ஓரத்தில் எட்டு மணிப் பூவின் குச்சிகளை நடப்போகிறோம். தோட்டத்தில் வேலை செய்யும் அந்தப் பையனின் தகப்பனார் குச்சி கொண்டு வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் தாயாரும் வருவார். மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். மருந்து டின் வேண்டாம்.