கையொப்பத்துக்கு மேலே
(மாலை வகுப்புத் தொண்டர்களிடையே ஆற்றிய உரை)

திங்கட்கிழமை காலையில் மாவட்ட ஆட்சித் தலைவர் அலுவலக வாயிலுக்குச் சென்று பாருங்கள். குறைதீர்க்கும் நாள் என்று மக்கள் திரண்டிருப்பார்கள். மனு எழுதித் தருவோர் மரத்தடியில் அமர்ந்திருப்பார்கள். எதிரே ஒரு தாய் நிற்பாள். வாய்க்கால் தூர்ந்ததையும் வயல் காய்ந்ததையும் கடன் வளர்ந்ததையும் கண்ணீரும் கம்பலையுமாய்ச் சொல்வாள். தாளிலோ அத்தனையும் நான்கே வரிகளில் முடிந்துவிடும். சென்ற வாரம் வந்தவரின் மனுவிலும் இதே நான்கு வரிகள். பெயர் மட்டுமே வேறு. அவள் குறை அலுவலகத்துக்குள் சென்றுவிட்டது. அவள் குரல் வாயிலிலேயே நின்றுவிட்டது!

எழுதித் தந்தவரை நான் குறை கூறவில்லை. அவர் இல்லையேல் அந்தக் குறை உள்ளே நுழைந்தே இராது. நான் கேட்பது வேறு: எட்டாம் வகுப்பில் படிக்கும் அவள் மகளும் நாளை அதே மரத்தடிக்குத்தான் வர வேண்டுமா?

"எழுத்தறிவுதான் வளர்ந்துவிட்டதே!" என்பீர்கள். வளர்ந்தது உண்மை. 1951-இல் தமிழ்நாட்டில் 100-க்கு ஏறத்தாழ 20 பேர் எழுத்தறிந்தோர். 2011 கணக்கெடுப்பிலோ 80 பேர். கைநாட்டு மறைந்தது, கையொப்பம் வந்தது. இது சிறிய வெற்றியன்று. ஆயினும், கையொப்பம் இடத் தெரிவது வேறு; கையொப்பத்துக்கு மேலே உள்ளதை எழுதத் தெரிவது வேறு!

'பசு' என்று தலைப்புக் கொடுங்கள். "பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு" என்று வகுப்பு முழுவதும் ஒரே மூச்சில் எழுதித் தரும். வீட்டில் ஈன்ற கன்று இரவு முழுதும் கத்தியதை ஒரு பிள்ளையும் எழுதாது. மரத்தடி மனுவும் மனப்பாடக் கட்டுரையும் உடன்பிறந்தவை, தோழர்களே! இரண்டிலும் சொல் இரவல்.

இது ஆசிரியர் செய்த பிழையா? இல்லை. நாற்பது ஏடுகளைத் திருத்தவேண்டிய ஒருவர் நாற்பது பிள்ளைகளின் அருகிலும் எப்படி அமர முடியும்? அருகில் அமர ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

முடியுமா என்று ஐயுறுவோர் இரண்டு சான்றுகளைக் காணட்டும். கொரோனாக் கொடுமையால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் நெடுங்காலம் திறக்கவில்லை. பிள்ளைகள் கற்றதை மறந்தனர். 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. அண்டை வீட்டு அக்காள், மாலையில் திண்ணையில் அமர்ந்து, தெருப் பிள்ளைகளுக்கு ஆசிரியை ஆனாள். தொண்டுக்கு ஆள் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

எழுத்துக்கென்றே தொண்டு செய்வதற்குச் சான்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், எழுத்தாளர் டேவ் எகர்சும் ஆசிரியை நீனிவே கலெகாரியும் 2002-இல் வலென்சியா தெருவின் 826-ஆம் எண் கட்டடத்தில் ஒரு நிலையம் கண்டனர். அங்கே கடைதான் நடத்தலாம் என்றது நகர விதி. சளைக்கவில்லை, முன்பக்கத்தில் கடற்கொள்ளையருக்கான சாமான் கடை என்று வேடிக்கையாக ஒன்றை வைத்தார்கள், உள்ளே பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி தந்தார்கள்! தொண்டர் ஒருவர், பிள்ளை ஒன்று, அருகருகே அமர்வதே அவர்கள் முறை. பிள்ளைகள் எழுதியதை நூலாகவும் அச்சிட்டார்கள். தன் சொல் அச்சேறக் கண்ட பிள்ளை, மறுமுறை இரவல் சொல்லை நாடுமா?

அச்சகம் இல்லையே என்று வருந்தாதீர்கள். கையெழுத்து ஏடு நடத்திப் பழகிய நாடு இது. நான்கு தாள், ஒரு நூல், ஓர் ஊசி போதும்.

இனி, உங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஓர் எச்சரிக்கை.

பிள்ளைக்காக நீங்கள் எழுதாதீர்கள். எழுதுகோலை வாங்கிக்கொண்ட நொடியே நீங்களும் மரத்தடிக்காரர் ஆகிவிடுகிறீர்கள். கேளுங்கள்: "அப்புறம் என்ன நடந்தது? நீ என்ன கண்டாய்?" கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எழுத்துப் பிழை பிறகு திருந்தும். வாய் அடைத்த பிள்ளை எளிதில் திறவாது.

எச்சரிக்கை இது: நமது முழக்கத்தை அதன் தாளில் திணிக்காதீர்கள். நாமே விரும்பாத ஒன்றைக்கூட அது எழுதக்கூடும். "எங்கள் தெருக் குழாயில் நீர் வரவில்லை, வாக்குக் கேட்டு வந்தவர் பிறகு வரவில்லை" என்று எழுதும். வந்துபோனவர் நம்மவராகவும் இருப்பார்! அந்த வரியை அடிக்காமல் விட்டால்தான் நீங்கள் ஆசிரியர். அடித்தால், நாளை நம்மைப் புகழ அது எழுதும் வரியும் இரவல் வரியே.

வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், ஒரு பிள்ளையின் அருகே அமருங்கள். பத்தாண்டு கழித்து, ஒரு திங்கட்கிழமை, அந்தத் தாயின் மகள் மரத்தடியைக் கடந்து நேரே உள்ளே நடப்பாள். கையில் மனு இருக்கும். அடியில் அவள் கையொப்பம். மேலே அவள் சொல்!