நோயை மறைப்பது பக்தியா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நோயைப்பற்றிப் பேச இவன் என்ன டாக்டரா என்று சிலர் கேட்கலாம். நான் டாக்டர் அல்ல. நான் பேச வந்தது மருந்தைப்பற்றியுமல்ல, நோயாளிகளின் கணக்கைப்பற்றியேயாகும்.

ஒரு குழந்தைக்குத் தட்டம்மை காண்கிறது. உடனே வாசலில் வேப்பிலை சொருகியாகிவிடுகிறது. "ஆத்தாள் வந்திருக்கிறாள், வெளியே சொல்லாதே, டாக்டரிடம் போனால் கோபித்துக்கொள்வாள்" என்கிறார்கள். ஆனால் இந்நோய் காற்றில் பரவும் கிருமியால் வருவது. தடுப்பூசி போடாதவர்களிடையே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடியது. தடிப்புக் காண்பதற்கு 4 நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டுக்குப் போக அது எந்த ஆத்தாளிடமும் உத்தரவு கேட்பதில்லை.

இதற்கு சர்க்காரிடம் ஏற்பாடு இல்லாமலில்லை. 2004-ம் வருஷத்தில் நாடு முழுவதற்கும் ஒரு நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. கிராமச் செவிலியர் காய்ச்சலும் தடிப்பும் கண்டவர்களை எழுதவேண்டும். டாக்டர் தாம் சந்தேகிக்கும் நோயை எழுதவேண்டும். பரிசோதனைச்சாலை ருசுவானதை எழுதவேண்டும். இம்மூன்றும் ஜில்லா வழியாக டில்லிக்குப் போகும். 2021 முதல் கம்ப்யூட்டரிலேயே ஏற்றவும் வழி செய்திருக்கிறார்கள்.

ஆனால், மறைத்து வைத்த குழந்தையைக் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

குற்றம் பாமர ஜனங்கள் மீது மாத்திரம் என்று நான் சொல்லவில்லை. காசு வாங்கி வைத்தியம் செய்யும் தனி டாக்டர்களில் பலர் கணக்கு அனுப்புவதில்லை. காசநோயைத் தெரிவித்தே தீரவேண்டுமென்று 2012-ல் சர்க்கார் உத்தரவே போடவேண்டியிருந்தது. எண்ணிக்கை ஏறினால் மேலதிகாரி கீழே இருப்பவரை மிரட்டுகிறார். அடுத்த தடவை எண்ணிக்கை இறங்கிவிடுகிறது, நோய் இறங்குவதில்லை. தேடிப் பார்த்து "ஒருவருமில்லை" என்று பூஜ்யம் எழுதுவது வேறு. எழுதாமலே கட்டத்தை வெறுமையாய் விடுவது வேறு. வெறுங் கட்டத்தைச் சுகமென்று எண்ணுகிறவனுக்கும், வேப்பிலையை மருந்தென்று எண்ணுகிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

சாவிலும் இதே கதைதான். 2020-ல் இந்நாட்டில் பதிவான சாவுகளில் டாக்டர் காரணம் எழுதிக் கொடுத்தவை நூற்றுக்கு 23-க்கும் குறைவு. மற்றவர்களெல்லாம் தலைவிதி முடிந்து செத்தவர்களா?

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பெரியம்மையே சாட்சி. 1973-ல் உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் வீடு வீடாகத் தேடியபோது, வழக்கமான ரிப்போர்ட்டில் வந்ததைவிடப் பல மடங்கு நோயாளிகள் அகப்பட்டார்கள். எண்ணிக்கை ஏறியதே நன்மையாயிற்று. நோய் இருந்த இடம் தெரிந்தது, சுற்றிலும் அம்மை குத்த முடிந்தது. துப்புச் சொன்னவருக்கு இனாம் கொடுத்தார்கள். 1975-ல் அது 1000 ரூபாய். அவ்வருஷம் மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் ஒருவருக்கும் பெரியம்மை காணவில்லை. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. கூழ் ஊற்றியும் போகாத ஆத்தாள், கணக்கு எழுதியதும் போய்விட்டாள்!

ஆகையால் தோழர்களே! வீட்டில் காய்ச்சலும் தடிப்பும் கண்டால் அன்றைக்கே செவிலியரிடம் சொல்லுங்கள். உங்கள் டாக்டர் எழுதி அனுப்பினாரா என்று கேளுங்கள். உள்ளதை எழுதியவரைத் தண்டிக்காதே என்று அதிகாரிகளைக் கேளுங்கள். நாம் மறைத்த குழந்தையைத் தேடி மருந்து வராது. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தேடி நோய்தான் போகும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைப்பதுதான் வெட்கம் என்று சொல்லி என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.