வெள்ளம் வடிந்த பிறகு என்ன பேசுவது?

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. மழைநீர் வடிகால், ஜெனரேட்டர், மோட்டார் பற்றியெல்லாம் பேசி முடித்துவிட்டோம். எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். பேரிடருக்குப் பின் மனம் கலங்கியிருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று பயிற்சி பெற, பிளாக்குக்கு இரண்டு பேர் முன்வர வேண்டும்.

ஏன் கேட்கிறேன் என்றால், நானே அதில் தவறியவன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் கீழ்த்தளப் பார்க்கிங்கில் தண்ணீர் நிரம்பியது நினைவிருக்கும். என் தளத்தில் தனியாக இருக்கும் பெரியவரின் காரும் மூழ்கியது. "கார்தானே சார், இன்ஷூரன்ஸ் இருக்கு. உயிர் தப்பியதே பெரிசு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் மழைச் சத்தம் கேட்டாலே இரவு முழுக்கத் தூங்காமல் இருந்ததை அவர் என்னிடம் சொன்னது அடுத்த ஏப்ரலில்தான். "அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க பேச்சை முடிச்சிட்டீங்க" என்றார்.

இந்த வேலை நம் தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். பெரும்பகுதி நாகப்பட்டினத்தில். அப்போது காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த நம் பகுதியில் மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களும் அடிபட்டன. கல்பாக்கத்தில் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பிலும் உயிர்கள் போயின. குவார்ட்டர்ஸில் இருப்பவர், குப்பத்தில் இருப்பவர் என்று அலை பார்க்கவில்லை.

நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அப்படியிருக்க, வீடு வீடாக யார் போவது? 1999 ஒடிசா புயலிலும் 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் வேலை செய்திருந்த பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஒரு வழி வைத்திருந்தது. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுப்பது. சுனாமிக்குப் பிறகு சமூகப் பணியாளர்களுக்கென்றே கையேடுகள் வந்தன.

அவர்களுக்கு மருத்துவம் கற்றுத் தரவில்லை. மனதில் இருப்பதைக் கொட்ட விடுவது, குறுக்கே பேசாமல் கேட்பது, அவர் இடத்தில் நின்று பார்ப்பது, உறவையும் அக்கம்பக்கத்தையும் மறுபடி சேர்த்துவைப்பது, கைக்கு ஒரு வேலை கொடுப்பது, விளையாட்டும் ஓய்வும், அவரவர் நம்பிக்கைப்படி வழிபாடு. இவ்வளவுதான் பாடம். கேட்க எளிது. பழகினால்தான் வரும்.

2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இதை மூன்று சொற்களில் அடக்குகிறது: பார், கேள், இணை. யாருக்கு உதவி தேவை என்று பார்ப்பது. சொல்வதைக் கேட்பது. சாப்பாடு, மருந்து, உறவினர், மருத்துவர் என்று எது வேண்டுமோ அதனோடு இணைப்பது. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது. "என்ன ஆச்சு, முழுசா சொல்லுங்க" என்று நாம் ஆர்வத்தில் கேட்பதும் காயப்படுத்தும்.

பெரும்பாலானவர்கள் குடும்பம், நண்பர்கள் துணையோடு தாமாகவே தேறிவிடுவார்கள். சிலருக்கு மருத்துவர் வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடுவதில்லை, குடி கூடிவிட்டது, "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வருகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். இலவசம். இந்த எண்ணை லிஃப்ட்டுக்குள் ஒட்டிவைப்போம்.

இன்னொன்று. ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள் நம் நடுவில் இருப்பார்கள். நான்கு நாள் வெள்ளம் சூழ்ந்தால் மாத்திரை தீர்ந்துவிடும். அவர்களாகவே வந்து சொல்லும் அளவுக்கு நம்பிக்கையான ஒருவர் பிளாக்கில் இருக்க வேண்டும். ஆனால் பட்டியல் போடுவது, வாட்ஸ்அப் குழுவில் "அந்த ஃபிளாட்டில் பார்த்துக்கங்க" என்று எழுதுவது, இரண்டும் கூடவே கூடாது. ஒருமுறை வெளியே போனால் அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

யார் வரலாம்? பட்டம் தேவையில்லை. பொறுமையும் ரகசியம் காக்கும் குணமும் போதும். செக்யூரிட்டி அண்ணன்களையும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். மழை நாளில் அவர்கள் நம் வாசலைக் காக்கும்போது, அவர்களுடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் இருக்கும். பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் பயிற்சிக்குக் கேட்டுச் சங்கத்தின் சார்பில் கடிதம் கொடுப்போம். பெயர் தர விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் செயலாளரிடம் சொல்லுங்கள். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன். அந்தப் பெரியவர் தன் பெயரை இரண்டாவதாக எழுதச் சொல்லியிருக்கிறார்.