அழுக்கு வேறு, அசிங்கம் வேறு

கட்டட வேலை நடக்கும் இடத்தில் சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் தெரிகிற கான்கிரீட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாம்பல் நிறம், பலகையின் ரேகைகள், மூலைகளில் சின்னச் சின்னப் பொத்தல்கள். அடுத்து பூச்சு வரும், அதன்மேல் பெயின்ட் வரும், எல்லாம் மறைந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் சில கட்டடக் கலைஞர்கள் பூச்சுக்கு முந்திய அந்த நிலையிலேயே கையை நிறுத்தினார்கள். கான்கிரீட் தன் முகத்தைக் காட்டட்டும், எந்தத் தூண் எதைத் தாங்குகிறது என்பது தெருவில் போகிறவருக்கும் தெரியட்டும் என்றார்கள். பிரான்ஸில், மார்செய் நகரத்தில் லெ கார்பூசியே 1952-இல் முடித்த 337 வீடுகள் கொண்ட குடியிருப்பு இதற்கு முன்னோடி. ரெய்னர் பேன்ஹாம் என்ற விமர்சகர் 1955-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு புரூட்டலிசம் என்ற பெயர் நிலைத்தது. பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் உழைக்கும் மக்களுக்காகக் கட்டிய வாடகைக் குடியிருப்புகள் பல இந்தப் பாணியில் எழுந்தன. அவை அழகா, அசிங்கமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அவற்றுள் சிறந்தவை உண்மையிலேயே அழகானவை என்பது என் கட்சி. அவற்றின் அசிங்கம் என்று சுட்டிக்காட்டப்படுவதில் பெரும்பகுதி, கவனிக்க ஆளில்லாமல் விட்டதால் சேர்ந்த அழுக்கு.

இதற்குச் சாட்சியாக லண்டனின் டிரெல்லிக் டவரை முதலில் அழைக்கிறேன். எர்னோ கோல்ட்ஃபிங்கர் வரைந்த 31 மாடிக் கட்டடம். 1972-இல் முடிந்தது. லிஃப்டும் மாடிப்படியும் தனியாக ஒரு மெல்லிய கோபுரத்தில் நிற்கும். அங்கிருந்து வீடுகள் இருக்கும் பகுதிக்கு மூன்று மாடிக்கு ஒரு பாலம் போகும். லிஃப்டின் சத்தம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஆனால் வாசலில் காவலாள் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் நேரத்திலேயே யாரோ 12-ஆம் மாடியில் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட, தண்ணீர் லிஃப்டுகளுக்குள் பாய்ந்து மின்சாரமும் நின்றுபோனது. அடுத்த பத்தாண்டுகள் வழிப்பறியும் பயமும்தான் அந்தக் கட்டடத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. 1980-களின் நடுவில் குடியிருப்போர் சங்கம் ஒன்று உருவானது. வாசல் கதவுக்கு இன்டர்காம் வந்தது, காவலாள் வந்தார். பயந்து ஒதுங்கிய இடத்துக்கே மக்கள் விரும்பி வரத் தொடங்கினார்கள். 1998-இல் அரசு அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. இதில் கவனிக்க வேண்டியது, இத்தனைக்கும் நடுவில் அந்தக் கான்கிரீட் மாறவே இல்லை. மாறியது வாசல் ஒன்றுதான். ரசனை மாறிவிட்டது, பழையது மறுபடி நாகரிகமாகிவிட்டது, அவ்வளவுதானே என்று சிலர் கேட்கலாம். வெளியூர் ரசிகர்கள் கேமராவோடு வருவதற்கு வெகுநாள் முன்பே, உள்ளே இருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து அந்த இடத்தை மீட்டுவிட்டார்கள் என்பதே அதற்குப் பதில்.

இதைவிடக் கடினமான கேள்வியை பார்பிகன் எழுப்புகிறது. 1940-இல் குண்டுவீச்சில் எரிந்துபோன பகுதியில், லண்டன் நகரத்தின் மையத்தில், சுமார் 2000 வீடுகளுடன் அதைக் கட்டினார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு தொழிலாளர்கள் அதன் மேற்பரப்பை அங்குலம் அங்குலமாகக் கொத்தி, உள்ளே இருக்கும் ஜல்லி தெரியும்படி செய்தார்கள். வசதியுள்ளவர்களுக்குச் சந்தை வாடகைக்கு விடக் கட்டியது என்பதால் தோட்டம், குளம், காவல், பழுதுபார்ப்பு எதிலும் குறை வைக்கவில்லை. அப்படியிருந்தும் 2003-இல் லண்டனில் நடந்த ஒரு வாக்கெடுப்பு, நகரத்திலேயே அசிங்கமான கட்டடம் இதுதான் என்றது. பராமரிப்பு ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதை இதனால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாக்கு வெளியிலிருந்து பார்த்தவர்களின் வாக்கு. அதே பார்பிகனில் ஒரு வீடு வாங்கப் பெருந்தொகை கொடுக்க ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். வீடு என்பது தெருவில் போகிறவர் பார்க்கும் சிலை மட்டும் என்றால் அந்த வாக்கெடுப்போடு விஷயம் முடிந்துவிடும். உள்ளே வெளிச்சம் எப்படி விழுகிறது, பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்கிறதா, துணி காயப்போட, செடி வைக்க இடமிருக்கிறதா என்பதும் வீட்டின் அழகில் சேர்த்திதானே?

அப்படி உள்ளிருந்து பார்க்கத் தொடங்கினால் வடக்கு லண்டனின் அலெக்சாண்டிரா ரோடு குடியிருப்பில் வந்து நிற்போம். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம் நேயர்களே, இதற்காக வேறு சிலவற்றை விட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. கேம்டன் உள்ளாட்சி மன்றத்தில் பணியாற்றிய நீவ் பிரவுன் வரைந்தது. 1972-இல் தொடங்கி 1978-இல் முடிந்தது. 520 வீடுகள். நிலத்தின் ஓரத்தில் யூஸ்டன் நிலையத்துக்குப் போகும் இரயில் பாதை. அந்தக் காலத்து வழக்கப்படி நடுவில் ஒரு கோபுரத்தை நிறுத்திச் சுற்றிலும் புல்வெளியை விட்டிருக்கலாம். பிரவுன் அப்படிச் செய்யவில்லை. இரயில் பாதையை ஒட்டி உயரமான நீண்ட கட்டடம் ஒன்றை எழுப்பினார். அதன் முதுகு இரயிலின் பக்கம். சத்தம் அந்த முதுகில் மோதி நின்றுவிடும். அதிர்வு மேலே ஏறாமலிருக்க அடியில் ரப்பர் தாங்கிகள் வைத்தார். முன்பக்கமோ குளத்துப் படித்துறை போல ஒவ்வொரு மாடியும் பின்வாங்கி ஏறும். அதனால் கீழ்வீட்டுக் கூரை மேல்வீட்டுக்கு மொட்டைமாடி. ஒவ்வொரு வீட்டுக்கும் திறந்தவெளியில் தனக்கென்று ஓர் இடம், வெளியிலிருந்து நேராக ஏறிவரத் தனி வாசல். எதிரே தாழ்வான இன்னொரு வரிசை. நடுவில் மெல்ல வளைந்து போகும் தெருவில் கார் கிடையாது, வண்டிகளெல்லாம் அடித்தளத்தில். வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் கான்கிரீட் சுவருக்குள்ளேயே ஓடுகின்றன. சாம்பல் சுவர்தான், அதில் சென்ட்ரிங் பலகையின் ரேகை அப்படியே இருக்கிறது. ஆனால் மொட்டைமாடிதோறும் குடியிருப்பவர்கள் வைத்த செடிகொடிகள் வழிந்து அந்தச் சாம்பலைப் பாதி மூடிவிட்டன. இதற்கு இடம் விட்டுத்தான் அவர் வரைந்தார். இவ்வளவும் குறைந்த வாடகைக்கு வருபவர்களுக்காகச் செய்தது என்பதை நினைக்கும்போது எனக்கு அந்தச் சாம்பல் நிறத்தின்மேல் மதிப்பு கூடுகிறது. செலவு எகிறியதால் விசாரணை வைத்தார்கள். பிரவுனுக்கு அதன்பின் பிரிட்டனில் கட்டடம் கட்டும் வாய்ப்பே வரவில்லை, நெதர்லாந்துக்குத்தான் போக நேர்ந்தது. 1993-இல், போருக்குப் பின் கட்டிய உள்ளாட்சிக் குடியிருப்புகளில் முதலாவதாக அலெக்சாண்டிரா ரோடு பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனம் தன் தங்கப் பதக்கத்தை பிரவுனுக்கு 2017-இல் அறிவித்தது. 2018 ஜனவரியில் அவர் காலமானார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் மழை. மார்செய் வெயிலில் பளிச்சென்று நிற்கும் கான்கிரீட், இங்கிலாந்தின் ஓயாத தூறலில் கறை பிடித்து அழுதுவடியும். ஈரம் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும், மேல்பகுதி உதிரும். குளிர்காலத்தில் உட்சுவர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இது முழுக்க உண்மை, இதில் கட்டடக் கலைஞர்களுக்கும் பங்கு உண்டு. தெற்கின் வெயிலுக்குப் பொருந்திய பாணியை வடக்கின் ஈரத்துக்குக் கொண்டுவந்தபோது இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் செங்கல்லும் மரமும்கூட ஈரத்தில் கெடுகின்றன. அவற்றுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செலவழிக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கான்கிரீட்டை ஒருமுறை கட்டினால் போதும் என்று நம்பினார்கள், பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1968-இல் ஒரு கேஸ் வெடிப்பில் மூலை முழுவதும் சரிந்த ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தை இந்தப் பேச்சில் எப்போதும் இழுப்பார்கள். அது தொழிற்சாலையில் வார்த்த சுவர்ப் பலகைகளை அவசரமாகப் பொருத்தியது. மாடி உயர உயர மானியமும் உயரும் என்று 1956-இல் சட்டம் செய்திருந்தார்கள். அந்த அவசரத்தின் விளைவை நீவ் பிரவுனின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

நேரம் நெருங்குகிறது. ஷெஃபீல்டின் பார்க் ஹில்லைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1961-இல் திறந்த குடியிருப்பு. பால் வண்டி ஓடும் அளவுக்கு அகலமான நடைத்தெருக்கள், மூன்று மாடிக்கு ஒன்றாக. பழைய சேரிகளில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களை இங்கேயும் பக்கத்தில் குடிவைத்து, இடிந்த தெருக்களின் பெயர்களையே அந்த நடைகளுக்கு இட்டார்கள். எஃகு ஆலைகள் மூடி ஊரில் வேலை போனபோது குடியிருப்பும் சீரழிந்தது. இப்போது புதுப்பித்த பகுதி பளபளக்கிறது, 2013-இல் பெரிய விருதான ஸ்டர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் வந்தது. ஆனால் அதன் வீடுகளில் பெரும்பகுதி விற்பனைக்குப் போய்விட்டது. அழகு என்று ஒப்புக்கொண்டதும் ஏழைகளின் கையிலிருந்து போய்விடுகிறதே என்று கேட்டால், இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி அதுதான். லண்டனில் இதே பாணியில் எழுந்த ராபின் ஹூட் கார்டன்ஸ் குடியிருப்பையோ 2017-இல் இடிக்கவே தொடங்கினார்கள். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதன் மூன்று மாடித் துண்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டது. 213 குடும்பங்களுக்கு இருந்த வீடுகளைக் காப்பாற்றாமல், ஒரு துண்டைக் காட்சிக்கு வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆகவே நேயர்களே, எந்த ஊரிலாவது ஒரு பழைய குடியிருப்பை அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லி இடிக்கக் கிளம்பினால், ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: அங்கே லிஃப்டையும் குழாயையும் கூரையையும் கடைசியாக எந்த ஆண்டு பழுதுபார்த்தார்கள்?