எடுத்தது போதும், இனி வளர்ப்போம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் தெம்பனிஸ் வாசி ஒருவர் ஆற்றிய உரை)



தெம்பனிஸில் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு பீர்க்கங்காய் நார் தொங்குகிறது. தேக்காவில் வாங்கியது. அதன் பக்கத்தில் என் பேரனுடைய மஞ்சள் நிற ஸ்பாஞ்ச். ஒருநாள் அவன் கேட்டான்: "தாத்தா, உங்களுடையது கொடியில் காய்த்தது. என்னுடையது எந்தச் செடியில் காய்த்தது?" உன்னுடையது தொழிற்சாலையில் செய்தது, ஆனால் அதற்கு முன்மாதிரி கடலுக்கடியில் வாழும் ஒரு விலங்கு என்றேன். அவன் நம்பவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். கண் இல்லை, வாய் இல்லை, ஓடுவதும் இல்லை. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை விலங்கு என்றால் யார் நம்புவார்? ஆனாலும் கடற்பஞ்சு விலங்குதான். உடம்பெல்லாம் துளைகள். அவற்றின் வழியே கடல்நீரை இழுத்து, அதிலுள்ள பாக்டீரியாவையும் நுண்துகள்களையும் உண்டு, நீரை வெளியே விடுகிறது. ஒரு கிலோ எடையுள்ள கடற்பஞ்சு ஒரே நாளில் பல ஆயிரம் லிட்டர் நீரை வடிகட்டிவிடும்.

இதை வளர்க்க முடியுமா என்பதுதான் இன்றைய கேள்வி. முடியும். 1907ஆம் ஆண்டில் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி உயிருள்ள கடற்பஞ்சைப் பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். தனித்தனியாகச் சிதறிய உயிரணுக்கள் மீண்டும் ஒன்றுசேர்ந்து புதிய கடற்பஞ்சாக வளர்ந்தன. முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் துளிர்ப்பதைப் போல, கடற்பஞ்சிலும் ஒரு துண்டை வெட்டிக் கயிற்றில் கோத்துக் கடலில் தொங்கவிட்டால் அது வளரும். அடிப்பகுதியை விட்டுவைத்தால் தாயும் பிழைத்துக்கொள்ளும். தீனி வேண்டாம், உரம் வேண்டாம், நன்னீர் வேண்டாம். படியும் பாசியை அவ்வப்போது துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆப்பிரிக்காவின் ஸான்சிபார் தீவில் ஜம்பியானி என்றொரு கிராமம். அங்குள்ள பெண்கள் கடற்பாசி வளர்த்துப் பிழைத்தவர்கள். கடல்நீர் சூடேறியதும் பாசி அழுகியது, வருமானம் படுத்தது. அவர்களில் சிலர் இன்று குளியலுக்கான கடற்பஞ்சு வளர்க்கிறார்கள். கணவர் துணையின்றிப் பிள்ளைகளை ஆளாக்கும் தாய்மார்களுக்கு அது கைகொடுத்திருக்கிறது.

குளியலோடு நிற்கவில்லை. இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் சைட்டாரபின் மருந்துக்கு வழிகாட்டியது 1950களின் தொடக்கத்தில் கரீபியப் பகுதிக் கடற்பஞ்சு ஒன்றில் கண்டெடுத்த வேதிப்பொருள். மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலின் 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் மூலப்பொருள் ஜப்பானியக் கடற்பஞ்சில் முதலில் கிடைத்தது. நியூசிலாந்தில் அதே பொருளுக்காக ஒரு டன் கடற்பஞ்சை அள்ளினார்கள். கிடைத்தது எவ்வளவு? சுமார் 300 மில்லிகிராம். ஒரு சிட்டிகை! மருந்துக்காகக் கடலை இப்படி வாரினால் என்ன மிஞ்சும்? அதனால்தான் அங்கே அதை வளர்த்துப் பார்த்தார்கள்.

"ஆய்வுக்கூடத்தில்தான் செய்துவிட்டார்களே, பிறகு எதற்குப் பண்ணை?" என்று எதிரணி நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எரிபுலினை இன்று ஆய்வுக்கூடத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று மனிதனுக்குச் சொல்லித் தந்தது கடற்பஞ்சு அல்லவா? ஆசிரியரைத் தொலைத்துவிட்டு எந்தப் பாடத்தைப் படிப்பது?

நேயர்களே, இப்படித் தொலைத்த கதை நமக்கே உண்டு. "நெப்டியூன் கிண்ணம்" என்ற கடற்பஞ்சு முதன்முதலில் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது இந்தச் சிங்கப்பூர்க் கடலில்தான். 1822இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஒரு மீட்டருக்கு மேல் உயரும் கல்கிண்ணம் போன்றது. குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியாகக்கூடப் பயன்பட்டதாகச் சொல்வார்கள். அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் அள்ளி அனுப்பினார்கள். அள்ள அள்ளக் குறைந்தது. கடைசியில் அழிந்தே போய்விட்டது என்று உலகம் முடிவு கட்டியது.

2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே முக்குளித்தவர்கள் கண்ணில் அது மறுபடியும் பட்டது. ஆனால் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று தனித்து நின்றால் இனம் பெருகுவது எப்படி? தேசியப் பூங்காக் கழகம் தன் உயிரின மீட்புத் திட்டத்தில் அதைச் சேர்த்தது. துண்டுகளை வளர்த்து, 2014இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவில் அருகருகே நடும் முயற்சி நடந்தது. ஒரு காலத்தில் அள்ளிய அதே ஊரில் இன்று நடுகிறார்கள். நான் சொல்லும் வளர்ப்பு இதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. 1938, 1939ஆம் ஆண்டுகளில் கரீபியக் கடலில் பரவிய நோய் இயற்கையாக வளர்ந்த கடற்பஞ்சுகளோடு பண்ணைகளில் இருந்தவற்றையும் அழித்தது. ஒரே வகையை நம்பி எல்லாப் பணத்தையும் போடக்கூடாது என்பது அதில் கிடைக்கும் பாடம். இன்னொரு பாடம் நம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. வருமானத்துக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி, குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆகவே, எது நம் கடலுக்குச் சொந்தமோ அதைத்தான் வளர்க்க வேண்டும்.

தெம்பனிஸிலிருந்து பாசிர் ரிஸ் கடற்கரை பக்கம்தான். அங்கே நின்றால் தூரத்தில் மிதக்கும் மீன்பண்ணைகள் தெரியும். 2015இல் அந்த நீரிணையில் நுண்பாசி பெருகி 500 டன்னுக்கும் அதிகமான மீன்கள் மாண்டன. பல ஆண்டு உழைப்பு சில நாளில் மிதந்தது. கடற்பஞ்சு இருந்திருந்தால் அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய கேட்டில் கடற்பஞ்சும் மடிந்திருக்கலாம். ஆனால் இத்தாலியின் தாரந்தோ வளைகுடாவில் மீன் கூண்டுகளைச் சுற்றிக் கடற்பஞ்சு வளர்த்து, கழிவை அது எவ்வளவு தூரம் வடிகட்டும் என்று பார்த்திருக்கிறார்கள். நாமும் இரண்டு மூன்று கூண்டுகளைச் சுற்றி, நம் கடலின் கடற்பஞ்சுகளைக் கொண்டு, சிறிதாகச் சோதித்துப் பார்க்கலாமே? மீன் வளர்ப்பவரின் அனுபவமும் ஆய்வாளரின் படிப்பும் ஒரே படகில் போகட்டும். தோற்றால் இழப்பு சிறிது. வென்றால் மீனுக்கும் நல்லது, கடலுக்கும் நல்லது, ஒரு குடும்பத்துக்குக் கூடுதல் வருமானமும் ஆகும்.

என் பாட்டி பீர்க்கங்கொடியில் எல்லாக் காயையும் பறிக்க மாட்டார். ஒன்றிரண்டைக் கொடியிலேயே முற்ற விடுவார். நாரும் கிடைக்கும், அடுத்த பட்டத்துக்கு விதையும் கிடைக்கும். தோட்டத்தில் அவர் கடைப்பிடித்த அந்த முறையைக் கடலிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.